பெயரைச் சொல்லி கிளாஸை அழைக்க ‘இவால்’ வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

உங்கள் பத்திரிகையின் கல்விப் பக்கத்தில் உயர்தரத் தகவல் தொடர்பாடல் தொழினுட்ப மாணவர்களுக்காக வரும் பைதன் என்ற நிரலாக்க மொழிப் பாடங்களை நாங்கள் தொடர்ந்து படிக்கிறோம். திருகோணமலையில் பல பிள்ளைகள் அவற்றை வெட்டி ஒட்டி வைத்துப் படிக்கிறார்கள். அதனால்தான் இந்தக் கடிதம். அண்மையில் வந்த பாடமொன்றில், பயனர் தட்டும் பெயருக்கேற்ற மொடியூலை (தனி நிரல் கோப்பை) ஏற்றி, அதற்குள் இருக்கும் கிளாஸிலிருந்து (அச்சுப்போன்ற வரையறையிலிருந்து) ஒப்ஜெக்ட் ஒன்றை உருவாக்குவது காட்டப்பட்டிருந்தது. தலைப்பு நல்லது, தேவையானதும்கூட. ஆனால் அதைச் செய்வதற்கு, பயனர் தட்டிய பெயரை அப்படியே ‘எக்செக்’, ‘இவால்’ என்ற இரண்டு கட்டளைகளுக்கும் கொடுத்திருந்தார்கள். மாணவர் அதைத் தட்டிப் பார்த்தால் சரியான விடை வரும். விடை வருவதால் அதையே பழகிவிடுவார். ஆகவே அந்தப் பாடத்தைத் திருத்தி மீண்டும் அச்சிடவேண்டும் என்று கேட்கிறோம். எப்படித் திருத்துவது என்பதையும் இங்கே எழுதுகிறோம்.

பத்திரிகைப் பத்தியில் நிரல் வரிகளை அச்சிட்டால் வரித் தொடக்கத்து இடைவெளிகள் குலைந்துவிடும். பைதனில் அந்த இடைவெளி போனால் நிரலே போய்விடும். எனவே நீளமான நிரலைத் தராமல் சொற்களாலேயே விளக்குகிறோம். கட்டளைகளைத் தமிழ் உச்சரிப்பில் எழுதியிருக்கிறோம். கணினியில் வழமைபோல ஆங்கில எழுத்தில் தட்டவேண்டும்.

இவால் என்பது பெயரைத் தேடித் தரும் கட்டளை அல்ல. கையில் கிடைக்கும் எழுத்துச் சரத்தைப் பைதன் கோவையாக (விடை தரும் ஒரு நிரல் துண்டாக) எடுத்து, அதில் என்ன இருந்தாலும் நிறைவேற்றும். பெட்டியில் ‘தோணிக்கணக்கு’ என்று தட்டினால் அந்த கிளாஸைத் தரும். அதே பெட்டியில் ஓஎஸ் மொடியூலை அழைத்துக் கோப்புகளை அழிக்கும் ஒரு வரியைத் தட்டினால் அதையும் செய்து முடிக்கும். எக்செக் இன்னும் ஒருபடி மேலே: கோவை மட்டுமல்ல, பல வரி நிரலையே ஓட்டும். உள்ளமைந்த பங்ஷன்களை எடுத்துவிட்டு வெற்று டிக்ஷனரி (பெயருக்கு எதிரே பெறுமானத்தை வைக்கும் அட்டவணை) ஒன்றைக் கூடவே கொடுத்தால் பாதுகாப்பு என்று சிலர் சொல்வார்கள். அதுவும் சரிவராது. ஒரு வெற்று அடைப்புக்குறியிலிருந்து தொடங்கி, அதன் கிளாஸ், அதன் தாய் கிளாஸ், தாய் கிளாஸின் பிள்ளைகள் எல்லாம் என்று ஏறி இறங்கி, மறைத்து வைத்த எதையும் எடுத்துவிடலாம். ‘குளோபல்ஸ்’ டிக்ஷனரியில் பெயரைக் கொடுத்து எடுப்பது இவாலைவிட நல்லது. ஆனாலும் கோப்பின் தலையில் இம்போர்ட் செய்த, அதாவது உள்ளே ஏற்றிய, ஓஎஸ் போன்றவையும் அதே டிக்ஷனரியில்தான் இருக்கின்றன. பயனரின் சொல் அவற்றையும் தொடும்.

எங்கள் ஊர் வேலையையே எடுத்துக்காட்டாகக் கொள்வோம். சீனக்குடாப் பக்கத்தில் மீன் கொள்வனவு செய்யும் ஒருவருக்கு மாணவர் ஒருவர் கணக்குச் செய்நிரல் எழுதுகிறார் என்று வையுங்கள். தோணியில் வரும் மீனுக்கு நிறையும் விலையும் தெரிந்தால் போதும். கரைவலைக்குச் சம்மாட்டியின் பங்கும் வலை இழுத்தவர்களின் பங்கும் பிரிக்கவேண்டும். பலநாள் படகுக்கு எரிபொருள், ஐஸ், சாப்பாட்டுச் செலவைக் கழித்த பிறகுதான் பங்கு. மூன்றுக்கும் கணக்கு வேறு. நாளைக்கு நான்காவது வகை ஒன்று வந்தால் ஒப்ஜெக்ட் உருவாக்கும் வரிகளைத் தொடாமல், புதிய கோப்பு ஒன்றைக் கோப்புறையில் போட்டு, பெயர்ப் பட்டியலில் ஒரு வரியை மட்டும் சேர்த்து வேலை நடக்கவேண்டும். இதுதான் தேவை.

இதற்கு முன் ஒரு கேள்வியை மாணவர் தன்னிடமே கேட்கவேண்டும்: பெயரைக் கொண்டு ஏற்றவேண்டிய அவசியம் உண்மையில் இருக்கிறதா? மூன்று கிளாஸ்களும் நாமே எழுதியவை, எப்போதும் கூடவே இருப்பவை என்றால் ஒன்றும் தேவையில்லை. வழமையான இம்போர்ட் வரிகளை மேலே போட்டு, ஒரு டிக்ஷனரியில் “தோணி” என்ற சரத்துக்கு எதிரே தோணிக்கணக்கு என்ற கிளாஸையே வைத்துவிடலாம். மேற்கோள் குறி இல்லாமல், அடைப்புக்குறி இல்லாமல், வெறும் பெயர். பைதனில் கிளாஸும் ஒரு பெறுமானம்தான். எண்ணை டிக்ஷனரியில் வைப்பதுபோல அதையும் வைக்கலாம். பிறகு டிக்ஷனரியில் எடுத்து, அடைப்புக்குறி போட்டு அழைத்தால் ஒப்ஜெக்ட். பாடத்தில் வந்த எடுத்துக்காட்டுக்கு இதுவே போதுமாக இருந்தது. எந்தெந்தக் கோப்பு இருக்கும் என்பது முன்கூட்டித் தெரியாதபோதும், கடைக்குக் கடை வேறு வேறு பகுதிகள் பொருத்தும்போதும், ஏற்றுவதற்கே பல செக்கன் எடுக்கும் கனமான மொடியூலைத் தேவைப்படும்போது மட்டும் ஏற்ற விரும்பும்போதும்தான் அடுத்த முறை வேண்டும்.

‘படகுகள்’ என்று ஒரு கோப்புறை. அதற்குள் ‘__இனிட்__’ என்ற வெற்றுக் கோப்பு. பைதன் 3.3 பதிப்பிலிருந்து இது இல்லாமலும் கோப்புறை பொதியாக (மொடியூல்களின் தொகுப்பாக) இயங்கும், ஆனாலும் வைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் தேடும் பாதையில் வேறெங்காவது அதே பெயரில் கிடக்கும் கோப்புறையோடு அது கலந்துவிட இடமுண்டு. பக்கத்தில் தோணி, கரைவலை, பலநாள் என்று மூன்று கோப்புகள். ஒவ்வொன்றிலும் ஒரு கிளாஸ்: தோணிக்கணக்கு, கரைவலைக்கணக்கு, பலநாள்கணக்கு. மூன்றும் ‘அடிப்படை’ என்ற தனிக்கோப்பில் உள்ள கணக்கு என்ற தாய் கிளாஸிலிருந்து வருகின்றன. மூன்றிலும் ‘பங்கு’ என்ற ஒரே பெயருள்ள மெதட் (கிளாஸுக்குள் இருக்கும் பங்ஷன்).

முதன்மைக் கோப்பில் ஒரு டிக்ஷனரி. “தோணி” என்பதற்கு எதிரே “படகுகள்.தோணி:தோணிக்கணக்கு” என்ற சரம். முக்காற்புள்ளிக்கு முன்னால் மொடியூலின் முழுப்பெயர், பின்னால் கிளாஸின் பெயர். பயனர் தட்டும் சொல் இந்த டிக்ஷனரியின் சாவியாக, அதாவது தேடும் பெயராக, மட்டுமே பயன்படும். சாவி இல்லையென்றால் அந்த இடத்திலேயே ‘அப்படி ஒரு வகை இல்லை’ என்று சொல்லி நிறுத்திவிடவேண்டும். மொடியூலை ஏற்றிவிட்டுப் பிறகு சோதிப்பது பிந்திய வேலை. ஏனென்றால் ஒரு மொடியூலை இம்போர்ட் செய்வதென்பது அந்தக் கோப்பை மேலிருந்து கீழ்வரை ஓட்டுவதுதான். உள்ளே தீங்கான வரி இருந்தால், சோதனைக்கு வருமுன்பே அது நடந்து முடிந்திருக்கும்.

சாவி கிடைத்தால் சரத்தை முக்காற்புள்ளியில் இரண்டாகப் பிரிக்கிறோம். முதற்பாதியை, பைதனோடு கூடவே வரும் இம்போர்ட்லிப் என்ற நியம மொடியூலின் இம்போர்ட்_மொடியூல் பங்ஷனுக்குக் கொடுக்கிறோம். அது மொடியூலைத் திருப்பித் தரும். அந்த மொடியூலையும் இரண்டாம் பாதியையும், பெயரைக் கொண்டு எடுத்துத் தரும் கெட்ஆட்டர் என்ற பங்ஷனுக்குக் கொடுத்தால் கிளாஸ் வரும். வந்தது உண்மையில் கிளாஸ்தானா என்று முதலில் ‘டைப்’ உடன் ஒப்பிட்டுப் பார்த்து, பிறகு கணக்கு என்ற தாய் கிளாஸின் பிள்ளையா என்று இஸ்சப்கிளாஸ் கொண்டு பார்க்கவேண்டும். இந்த ஒழுங்கு முக்கியம்: கிளாஸ் அல்லாத ஒன்றை இஸ்சப்கிளாஸுக்குக் கொடுத்தால் அது இல்லை என்று சொல்லாது, டைப் எரர் என்ற வழுவை எறியும். கடைசியாக கிளாஸை அடைப்புக்குறி போட்டு அழைக்கிறோம். ஒப்ஜெக்ட் கையில்.

எல்லாம் சேர்த்து ஏழெட்டு வரிதான். ஆனால் ஒவ்வொரு வரியிலும் மாணவர் வழுக்கும் இடம் உண்டு.

பழைய பாடங்கள் இம்போர்ட்_மொடியூலுக்குப் பதிலாக இருபுறமும் இரட்டை அடிக்கோடு போட்ட __இம்போர்ட்__ பங்ஷனைக் காட்டும். அதற்கு “படகுகள்.தோணி” என்று கொடுத்தால் தோணியைத் தராது, மேலே உள்ள படகுகள் பொதியைத் தரும். பிறகு கெட்ஆட்டர் அதில் தோணிக்கணக்கைத் தேடிக் காணாமல் ஆட்ரிபியூட் எரர் கொடுக்கும். மாணவர் கிளாஸின் பெயரில் எழுத்துப்பிழை என்று நினைத்து ஒரு மணித்தியாலம் தேடுவார். இன்னும் பழைய பாடங்களில் ‘இம்ப்’ என்ற மொடியூல் வரும். அது 3.4 இலேயே கைவிடப்படப் போவதாக அறிவிக்கப்பட்டு, 2023 ஒக்டோபரில் வெளிவந்த 3.12 இல் முற்றாக நீக்கப்பட்டுவிட்டது. இன்று புதிதாகப் பைதன் நிறுவும் மாணவரிடம் அந்தப் பாடம் முதல் வரியிலேயே நின்றுவிடும்.

அடைப்புக்குறி மறப்பது அடுத்தது. கெட்ஆட்டர் தந்ததை அப்படியே ஒப்ஜெக்ட் என்று நினைத்து ‘பங்கு’ மெதட்டை அழைத்தால், ‘செல்ஃப்’ (எந்த ஒப்ஜெக்ட் என்பதைச் சொல்வது) என்ற கட்டாயப் பெறுமானம் ஒன்று குறைகிறது என்று டைப் எரர் வரும். அந்தச் செய்தியைப் பார்த்துவிட்டு மெதட்டில் செல்ஃபை அழித்துவிடும் மாணவர்கள் பலர். அழித்ததும் வழு போய்விட்டதுபோலத் தோன்றும். சரியாக எழுதிய மற்ற இடங்களில் அழைக்கும்போது அது வேறு வழுவாக வெளிவரும். வழு எறிந்த வரிக்கு மேலே போய், ஒப்ஜெக்ட் எங்கே உருவானது என்று பார்க்கப் பழக்கவேண்டும்.

ஒப்ஜெக்ட் உருவாக்கும்போது கொடுக்கும் பெறுமானங்கள்தான் எங்கள் அனுபவத்தில் மிகக் கூடுதலாகச் சிக்கும் இடம். தோணிக்கு நிறை, விலை என்று இரண்டு. பலநாளுக்குச் செலவும் சேர்ந்து மூன்று. பெயரைக் கொண்டு ஏற்றும் வரிக்கு எந்த கிளாஸ் வரப்போகிறது என்பது தெரியாது. எனவே மாணவர் அதே இடத்தில் ‘பலநாள் என்றால் மூன்று கொடு, இல்லாவிட்டால் இரண்டு கொடு’ என்று இஃப் போடத் தொடங்குவார். அந்த இஃப் வந்த கணத்திலேயே இந்த முறையின் பயன் போய்விட்டது. நான்காவது வகை வரும்போது பட்டியலில் ஒரு வரி சேர்ப்பதோடு நில்லாமல், ஒப்ஜெக்ட் உருவாக்கும் வரியையும் மீண்டும் மாற்றவேண்டும். சரியான வழி, தரவு முழுவதையும் பெயரோடு சேர்த்து ஒரு டிக்ஷனரியில் வைத்து, இரண்டு நட்சத்திரக் குறி போட்டு எல்லா கிளாஸுக்கும் ஒரே மாதிரிக் கொடுப்பது. ஒப்ஜெக்ட் உருவாகும்போது ஓடும் மெதட்டின் பெயரும் __இனிட்__ தான்; தாய் கிளாஸின் __இனிட்__ நிறை, விலை இரண்டையும் பெற்று, மிகுதியை ஏற்கும்படி இருக்கட்டும். பிள்ளை கிளாஸ் தனக்குத் தேவையானதை மட்டும் எடுத்துக்கொள்ளும். ஆனால் மிகுதியை ஏற்பதென்று விட்டுவிட்டால் ‘செலவு’ என்பதைச் ‘செலவுகள்’ என்று தவறாகத் தட்டினாலும் சத்தமில்லாமல் போய், செலவு பூச்சியமாகக் கணக்கிடப்படலாம். ஆகவே பலநாள்கணக்கில் செலவுக்கு இயல்புப் பெறுமானம் வைக்காதீர்கள். செலவு வராவிட்டால் வழு எறியட்டும். பங்கு பிழையாகப் பிரிந்து ஆட்களுக்குள் மனக்கசப்பு வருவதைவிட, திரையில் வழு வருவது எவ்வளவோ மேல்.

இம்போர்ட் தவறும்போது அதைப் பிடிப்பதிலும் ஒரு பொறி இருக்கிறது. ‘ட்ரை’ போட்டு, இம்போர்ட் எரர் வந்தால் ‘அந்த வகை இல்லை’ என்று அச்சிடுவதாகத்தான் பல பாடங்கள் முடிகின்றன. தோணி என்ற கோப்பு இருக்கிறது. ஆனால் அதற்குள் நிறுவாத வேறொரு மொடியூலை இம்போர்ட் செய்திருக்கிறார்கள் என்று வையுங்கள். அப்போதும் வருவது அதே வகை வழுதான். செய்நிரல் ‘தோணி இல்லை’ என்று பொய் சொல்லும். 3.6 இலிருந்து மொடியூல் நொட் பவுண்ட் எரர் என்ற தனி வகை இருக்கிறது. அதன் ‘நேம்’ என்ற பண்பில் எந்தப் பெயர் கிடைக்கவில்லை என்பது இருக்கும். அந்தப் பெயர் நாம் கேட்ட “படகுகள்.தோணி” அல்லது “படகுகள்” என்றால் மட்டும் ‘வகை இல்லை’ என்று சொல்லவேண்டும். வேறு பெயரென்றால் வழுவை அப்படியே மேலே விடவேண்டும். இரண்டே வரி. இது இல்லாததால் வீணாகும் நேரம் கணக்கில்லை.

தாய் கிளாஸைத் தனிக்கோப்பில் வைக்கவேண்டும் என்று மேலே சொன்னதற்கும் காரணம் உண்டு. முதன்மைக் கோப்பை நேரடியாக ஓட்டும்போது பைதன் அதற்கு __மெயின்__ என்று பெயர் வைக்கிறது. தோணிக் கோப்பு, தாய் கிளாஸை எடுப்பதற்காக முதன்மைக் கோப்பை அதன் சொந்தப் பெயரால் இம்போர்ட் செய்தால், பைதன் அதை வேறொரு மொடியூல் என்று எண்ணி இரண்டாம் முறையும் ஓட்டும். இப்போது நினைவகத்தில் கணக்கு என்ற பெயரில் இரண்டு கிளாஸ்கள். தோணிக்கணக்கு இரண்டாவதன் பிள்ளை. நாம் ஒப்பிடுவது முதலாவதுடன். இஸ்சப்கிளாஸ் இல்லை என்று சொல்லும். அச்சிட்டுப் பார்த்தால் இரண்டிலும் கணக்கு என்ற அதே பெயர்தான் கடைசியில் இருக்கும். முன்னால் உள்ள மொடியூலின் பெயர் வேறு என்பதை உற்றுப் பார்த்தால்தான் தெரியும்.

ஒருமுறை ஏற்றிய மொடியூல் சிஸ் மொடியூலின் ‘மொடியூல்ஸ்’ டிக்ஷனரியில் தங்கிவிடும். இரண்டாம் தடவை கேட்டால் கோப்பை மீண்டும் படிக்காது. நல்ல ஏற்பாடுதான். ஆனால் செய்நிரல் ஓடிக்கொண்டிருக்கும்போது தோணிக் கோப்பைத் திருத்திவிட்டு மாற்றம் தெரியவில்லையே என்று கேட்பவர்களுக்குக் காரணம் இதுதான். ‘ரீலோட்’ என்று ஒரு பங்ஷன் உண்டு. அதை நாங்கள் பரிந்துரைப்பதில்லை. ஏற்கெனவே உருவான ஒப்ஜெக்ட்கள் பழைய கிளாஸையே பிடித்துக்கொண்டிருக்கும். புதியவை புதிய கிளாஸில் பிறக்கும். இரண்டும் ஒன்றையொன்று அடையாளம் காணா. நிறுத்தித் திரும்ப ஓட்டுங்கள். செய்நிரல் ஓடும்போதே புதிதாக ஒரு கோப்பைக் கோப்புறையில் போட்டால், இம்போர்ட்லிப்பின் இன்வலிடேட்_காஷஸ் என்ற பங்ஷனை ஒருமுறை அழைத்த பிறகு ஏற்றுங்கள். இல்லாவிட்டால் கோப்பு கண்முன்னே இருந்தும் அது பைதனுக்குத் தென்படாமல் போகலாம்.

கோப்புக்குப் பெயர் வைப்பதிலும் கவனம். ரண்டம், கெலண்டர், ஈமெயில் என்று ஆங்கிலத்தில் பெயர் வைத்தால் அதே பெயருள்ள நியம மொடியூலை நம் கோப்பு மறைத்துவிடும். பைதன் கோப்பொன்றை ஓட்டும்போது அந்தக் கோப்பு இருக்கும் கோப்புறையிலேயே முதலில் தேடும். நாம் நின்று கட்டளை கொடுக்கும் கோப்புறை அல்ல அது. இது தெரியாமல் பொதிக்குள் இருக்கும் தோணிக் கோப்பையே நேராக ஓட்டிப் பார்ப்பவர்களுக்கு, அந்தக் கோப்பு இருக்கும் படகுகள் பொதியே கிடைக்கவில்லை என்று வழு வரும்.

கடைக்காரரின் கணினியில் பைதன் இருக்காது. பைஇன்ஸ்டோலர் கொண்டு ஒரே கோப்பாகக் கட்டிக் கொடுப்பதுதான் வழமை. மாணவரின் மடிக்கணினியில் எல்லாம் சரியாக ஓடும். கடையில் திறந்தால் “படகுகள்.தோணி” இல்லை என்று வரும். பைஇன்ஸ்டோலர் நிரலைப் படித்துப் பார்த்து, எழுதப்பட்டிருக்கும் இம்போர்ட் வரிகளைக் கொண்டே எந்தக் கோப்புகளைக் கட்டவேண்டும் என்று முடிவெடுக்கிறது. ஓடும்போது மாறியொன்றில் வரும் பெயர் அதன் கண்ணுக்குத் தெரியாது. கட்டும்போது ‘ஹிடன்-இம்போர்ட்’ என்ற தெரிவில் ஒவ்வொரு மொடியூலின் பெயரையும் கொடுக்கவேண்டும். அல்லது ‘கலெக்ட்-சப்மொடியூல்ஸ்’ என்ற தெரிவில் படகுகள் என்று பொதியின் பெயரைக் கொடுத்தால் உள்ளிருக்கும் எல்லாவற்றையும் சேர்த்துக்கொள்ளும். கொடுத்துவிட்டு மடிக்கணினியிலேயே சோதித்தால் போதாது. பைதன் நிறுவாத வேறொரு கணினியில், எல்லா வகையையும் ஒவ்வொன்றாகத் தெரிவுசெய்து பார்க்கவேண்டும். தேவைப்படும்போது ஏற்றும் முறையில், தொடாத வகையின் வழு தொடும்வரை தெரியவராது. அது பலநாள் படகு வரும் அன்றைக்குத்தான் தெரியும்.

இனி, தமிழில் நிரல் எழுதுவோருக்கு மட்டும் உரிய ஒன்று. ஆங்கிலப் பாடங்களை மொழிபெயர்த்து எழுதுபவர்கள் இதைத் தொடுவதேயில்லை. அதனால் சற்று விரிவாகவே சொல்கிறோம்.

2008 டிசெம்பரில் வெளிவந்த 3.0 பதிப்பிலிருந்து பைதனில் மாறிக்கும் பங்ஷனுக்கும் கிளாஸுக்கும் தமிழிலேயே பெயர் வைக்கலாம். புதிதாகக் கற்கும் பிள்ளைகளுக்கு இது பெரிய உதவி. மொழியின் கட்டளை எது, தாங்களே வைத்த பெயர் எது என்று பார்த்தவுடன் பிரித்தறிவார்கள். தமிழில் பெயர் வைக்காதே என்று தடுக்கும் ஆசிரியர்களோடு நாங்கள் உடன்படவில்லை. ஆனால் ‘தோணி’ என்ற சொல்லைக் கணினி இரண்டு விதமாகச் சேமிக்கலாம். ‘தோ’ என்பதில் உள்ள உயிர்க்குறி யூனிகோட்டில் ஒரே குறியீடாகவும் உண்டு. இரட்டைக் கொம்பு, அரவு என்று இரண்டு தனித்தனிக் குறியீடுகளாகவும் தட்டலாம். ஒரே குறியீடென்றால் ‘தோணி’யின் நீளம் நான்கு. பிரித்துத் தட்டினால் ஐந்து. ‘லென்’ பங்ஷனில் கொடுத்தால் தெரியும். திரையிலோ அச்சிலோ எள்ளளவு வித்தியாசமும் தெரியாது. கொ, கோ, கௌ வரிசை முழுவதற்கும் இதே கதை.

கிளாஸ் வரியில் பெயர் எழுதும்போது பைதன் அதை ‘என்எஃப்கேசி’ என்ற ஒழுங்குக்கு மாற்றி, பிரிந்த குறிகளை ஒன்றாகச் சேர்த்துவிடுகிறது. மேற்கோள் குறிக்குள் இருக்கும் சரத்தை அது தொடாது. இப்போது பாருங்கள். ஒரே மாணவர், ஒரே விசைப்பலகையில், கொம்பும் அரவுமாகப் பிரித்துத் தட்டி, கிளாஸுக்குத் தோணிக்கணக்கு என்று பெயர் வைக்கிறார். அதே விதமாகத் தட்டிய சரத்தைக் கெட்ஆட்டருக்குக் கொடுக்கிறார். கிளாஸின் பெயர் சேர்ந்த வடிவில் இருக்கிறது. சரம் பிரிந்த வடிவில் இருக்கிறது. ஆட்ரிபியூட் எரர். வழுச் செய்தியில் அச்சாகும் பெயரும் கோப்பில் உள்ள பெயரும் கண்ணுக்கு ஒன்றே. எழுத்தெழுத்தாக ஒப்பிட்டாலும் பிழை அகப்படாது. இவாலில் இது நடக்காது. அது சரத்தை நிரலாகப் படிப்பதால் பெயரையும் சேர்த்துவிடும். ‘கெட்ஆட்டர் வேலை செய்யவில்லை, இவால் வேலை செய்கிறது’ என்று தமிழ் மாணவர் ஒருவர் முடிவுக்கு வருவதற்கு இதைவிட நல்ல காரணம் வேண்டியதில்லை. அந்த முடிவு தவறு. யூனிகோட்டேட்டா என்ற நியம மொடியூலில் ‘நோர்மலைஸ்’ என்ற பங்ஷன் இருக்கிறது. அதற்கு “என்எஃப்கேசி” என்பதையும் சரத்தையும் கொடுத்தால் சேர்ந்த வடிவம் கிடைக்கும். பயனர் தட்டிய சொல், டிக்ஷனரியின் சாவிகள், கிளாஸின் பெயருள்ள சரம் மூன்றையும் இதன் வழியே அனுப்பிய பிறகுதான் ஒப்பிடவேண்டும்.

கோப்பின் பெயருக்கும் இது பொருந்தும். இம்போர்ட் வரியில் எழுதும் தோணி சேர்ந்த வடிவுக்கு மாறும். லினக்ஸிலும் விண்டோஸிலும் வன்தட்டில் உள்ள கோப்பின் பெயர் தட்டியபடியே கிடக்கும். பிரித்துத் தட்டிப் பெயர் வைத்திருந்தால் மொடியூல் கிடைக்கவில்லை என்றுதான் வரும். எனவே மொடியூல் கோப்புகளுக்கு மட்டும் ஆங்கிலத்தில் பெயர் வைத்து, கிளாஸுக்கும் மெதட்டுக்கும் தமிழில் வைப்பது எங்கள் ஆலோசனை. இங்கே விளக்கத்துக்காகவே கோப்புகளுக்கும் தமிழ்ப் பெயர் கொடுத்தோம்.

இதெல்லாம் சின்னச் செய்நிரலுக்குத் தேவையா, யார் வந்து இவாலில் தீங்கு செய்யப்போகிறார்கள் என்று கேட்பவர்களுக்கு ஒன்று. பதிவேடு எழுத உதவும் லொக்ஃபோர்ஜே என்ற நூலகத்தில் இருந்து 2021 டிசெம்பரில் வெளிவந்த குறைபாடு, ஜாவா என்ற நிரலாக்க மொழியின் உலகத்தையே உலுக்கியது. பதிவேட்டில் எழுதுவதற்காக வந்த வெறும் சரத்துக்குள் ஒரு முகவரி இருந்தால், அந்த நூலகம் அந்த முகவரிக்குப் போய் கிளாஸைக் கொண்டுவந்து ஏற்றவும் இடமிருந்தது. பாரதூரத் தன்மைக்குப் பத்துக்குப் பத்து மதிப்பெண் கொடுக்கப்பட்ட குறைபாடு அது. அடிப்படையில் தவறு ஒன்றுதான்: வெளியிலிருந்து வந்த சொல், எந்த கிளாஸ் ஏறவேண்டும் என்பதைத் தீர்மானித்தது. ஜாவாவில் பெயரைக் கொண்டு ஏற்றுவதற்குக் கிளாஸ் டொட் ஃபோர்நேம் என்ற நேர்மையான வழி இருக்கிறது. அங்கேயும் பட்டியலில் உள்ள பெயரை மட்டும் கொடுப்பதே முறை.

உங்கள் பாடத்தில் திருத்தவேண்டியது அதிகமில்லை. எக்செக் வரும் வரியை எடுத்துவிட்டு இம்போர்ட்லிப்பின் இம்போர்ட்_மொடியூலையும், இவால் வரும் வரியை எடுத்துவிட்டு கெட்ஆட்டரையும் போடுங்கள். இரண்டுக்கும் முன்னால், அனுமதித்த பெயர்களின் டிக்ஷனரியில் சாவியைச் சோதிக்கும் வரியைச் சேர்த்துவிடுங்கள். தோணியின் நீளம் நான்கா ஐந்தா என்று பார்க்கும் சிறு பயிற்சியும் இருந்தால் நல்லது. வெட்டி ஒட்டி வைத்திருக்கும் பிள்ளைகள் பழையதன்மேல் புதியதை ஒட்டிக்கொள்ளக்கூடியதாக, அதே பக்கத்தில், அதே அளவில் அச்சிடும்படி கேட்டுக்கொள்கிறோம்.

இங்ஙனம்,
பைதன் கற்பிப்போர் சிலர்,
உவர்மலை, திருகோணமலை.